காரை எடுத்த கதை

“என் வாயையும் என் வண்டியோட பானட்டையும் என்னைத் தவிர ஒருத்தன் திறந்தான்னு சரித்திரம் கிடையாது. இனிமே யாரும் அப்படி எழுதப்போறதும் கிடையாது!”

இந்தப் பிரகடனம் வெளியான இடம் ஒரு கார் ஷெட்டின் திறப்பு விழா. வெளியிட்டவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஷெட்டைத் திறந்தவன் அவர் மனைவியின் தம்பி, அதாவது மாஸ்டரின் சொந்த மச்சான். பெரிய ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்து தொழில் கற்று, தகரக் கூரை போட்ட ஓர் இடத்தைப் பிடித்து, “மாமா, உங்க வண்டிதான் முதல்ல உள்ள வரணும்” என்று ஆசையாகக் கூப்பிட்ட பாவத்துக்கு அவனுக்குக் கிடைத்த பதில் இது. அந்த நேரம் பார்த்து மனைவியும், “அப்படியே உங்க பல்லையும் யார்கிட்டயாவது காட்டுங்களேன்” என்று சொல்லிவிட்டாள். மாஸ்டர் இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி முடித்தார். அவர் வாழ்க்கையில் வார்த்தைகளைச் சிக்கனப்படுத்தியது அந்த ஒரு நாள்தான்.

மாஸ்டரின் ஸ்கூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்கூல் என்றால் ஒரு கார், கடைத்தெருவில் ஓர் அறை, அறையில் மேஜைக்குப் பின்னால் அவர் மனைவி. அவ்வளவுதான் ஸ்தாபனம். கார் நின்றால் ஸ்கூல் நின்றது. ஸ்கூல் நின்றால் வீட்டில் அடுப்பு நின்றது. இந்தக் கணக்கு மாஸ்டரின் மனைவிக்குத் தூக்கத்திலும் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை ஒப்புக்கொள்வது அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

ஒரு டிரைவிங் ஸ்கூல் காரின் ஜாதகம் எதிரிக்கும் வரக் கூடாது. ஓடும், உடனே நிற்கும். உறுமும், அணையும். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போவதற்குள் எதிரில் ஒரு சைக்கிள் வந்துவிடும். ஒரு நாளாவது நன்றாகச் சூடாகி, நெடுஞ்சாலையில் மூச்சு விட்டு ஓடியது கிடையாது. இப்படி அரைவேக்காடாகவே ஓடும் என்ஜினில் ஆயில் சீக்கிரம் கெடும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று மச்சான் எடுத்துச் சொன்னான். மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, தன் புகழ்பெற்ற ஆயில் சித்தாந்தத்தை எடுத்துரைத்தார்.

“டேய் மச்சான், ஊத்துறதுதான்டா மாத்துறது. குறைஞ்சா ஊத்துறேன். பழசோட புதுசு சேர்ந்தா பழசும் புதுசாயிடும். வீட்டுக்கு மருமக வந்துட்டான்னு மாமியாரைப் புடிச்சு வெளியில தள்ளுவோமா?”

“தள்ள வேண்டாம் மாமா. ஆனா இந்த மாமியார் உள்ளேயே உக்காந்து தாரு மாதிரி இறுகிக்கிட்டு இருக்காங்க.”

“உனக்குத் தொழில் ஓடணும், அதுக்கு என் ஆயிலைக் குறை சொல்றே. போ போ.”

அதோடு பேச்சு முடிந்தது. மாமனும் மச்சானும் தெருவில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள். அதற்கு மேல் நல்லுறவு வளர மாஸ்டர் இடம் கொடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்ட விளக்கு. அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அந்தத் தெருக்கோடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா. டெஸ்ட்டில் ஏற்கெனவே கோட்டைவிட்டவர்; அடுத்த டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. நூறு பேரின் வாய்க்குள் தைரியமாகக் கையை விடுகிறவர், கியரின் மேல் கை வைக்கும்போது மட்டும் நடுங்குவார்.

“மாஸ்டர், ஏதோ சிவப்பா எரியுது.”

“ரோட்டுல சிவப்பு எரிஞ்சா நிக்கணும். வண்டிக்குள்ள எரிஞ்சா நிக்க வேண்டாம். அது நம்மளைப் பார்த்துக் கண்ணடிக்குது, அவ்வளவுதான்.”

“டக்கு டக்குன்னு சத்தமும் வருதே.”

“கண்ணடிக்கிறவன் விசிலும் அடிப்பான். நீங்க கிளட்ச்சை மிதிங்க. மிதிங்க! இன்னும்! இன்னும்! ஐயோ, அது பிரேக்கு!”

கத்தும்போதுதான் அது நடந்தது. ‘பிரேக்கு’ என்ற சொல்லின் நடுவே மாஸ்டரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. முகம் ஒரு பக்கமாகக் கோணியது. டாக்டரம்மா வண்டியை மறந்தார், டெஸ்ட்டை மறந்தார், பின்னால் ஹாரன் அடித்த லாரியையும் மறந்தார். திரும்பி உட்கார்ந்து மாஸ்டரின் திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தார். இத்தனை நாளும் அந்த வாய் தன்னைத் திட்டியபோதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் முறையாக உள்ளே கவனித்தார். கவனித்ததும் அவர் கண்ணில் ஓர் ஒளி! புதையல் கண்டவர்களுக்குத்தான் அப்படி ஒளி வரும்.

வகுப்பு முடிந்து இறங்கியவர் நேராக அறைக்குள் போய் மாஸ்டரின் மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அக்கா, காரை எடுத்தே ஆகணும். இவ்வளவு நாள் விட்டதே தப்பு. அடி வரைக்கும் இறங்கிடுச்சு. இனியும் விட்டா எல்லாம் ஆட ஆரம்பிச்சிடும். நாளைக்குக் காலைல அவரை எப்படியாவது என்கிட்ட அனுப்பிடுங்க. காரை எடுத்துடலாம்.”

இங்கே வாசகர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். பல்லில் படிந்து இறுகும் கசடுக்குக் காரை என்று பெயர். பல் டாக்டர்கள் நாள் முழுவதும் எடுப்பது அதைத்தான். ஆனால் ஒரே ஒரு காரை நம்பிப் பிழைக்கும் ஸ்தாபனத்தில், அந்தக் காருக்கு என்ன ஆகுமோ என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் காதில், ‘காரை எடுக்கணும்’ என்பது எப்படி விழும்? எப்படி விழ வேண்டுமோ அப்படி விழுந்தது.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடடா, என்ன மூளை இந்த டாக்டரம்மாவுக்கு! நான் இவரைப் பிடித்து வைக்கிறேன், நீங்கள் அந்த நேரத்தில் காரைக் கிளப்பிக்கொண்டு போங்கள் என்கிறார்!

“புரிஞ்சுது டாக்டர்” என்றவள், ஒரு கண்ணை மூடிக் கண்ணடித்தாள்.

பல்லைச் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னால் எதற்குக் கண்ணடிக்கிறார்கள் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. குடும்பத்தில் ஏதோ ரகசியம் என்று நினைத்து, மரியாதைக்குத் தானும் ஒரு கண்ணை மூடிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா தம்பிக்கு போன் போட்டாள். “டேய், டாக்டரம்மாவே திட்டம் போட்டுக் குடுத்துட்டாங்க. காரை எடுத்தே ஆகணுமாம். அடியில இறங்கிடுச்சாம், எல்லாம் ஆடுமாம்.”

“பல் டாக்டருக்கு எப்படிக்கா சம்ப்புல கசடு இறங்கினது தெரியும்?” என்று மச்சான் வியந்தான். என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டிக்குத்தான் சம்ப் என்று பெயர்.

“படிச்சவங்கடா. நாளைக்கு வந்துடு. மாத்துச் சாவி என்கிட்ட இருக்கு.”

மறுநாள் காலை மாஸ்டரை அனுப்புவதற்குப் பெரிய பாடொன்றும் படவில்லை. “டாக்டரம்மாவுக்குப் பார்க்கிங்கே வரலையாம். கிளினிக் வாசல்ல நீங்க ஒரு தடவை நிறுத்திக் காட்டினா அதைப் பார்த்தே கத்துக்குவேன்னு சொல்றாங்க” என்றாள் மனைவி. மாஸ்டர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். டக் டக் என்று ஒலிக்கும் காரை, கிளினிக் வாசலில் இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவே, ஒரு விரல்கூட இடம் வீணாகாமல் செருகினார். திரும்பிப் பார்த்தால் கைதட்ட ஆள் இல்லை. டாக்டரம்மா உள்ளே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர், உக்காருங்க.”

அந்த அறையில் இருந்த உட்காரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதில் விளக்கு இருந்தது, குழாய் இருந்தது, காலுக்குக் கீழே பெடல் மாதிரி ஏதோ இருந்தது. மாஸ்டருக்குத் தொழில் ஆர்வம் பொங்கியது. “இதுக்கு எத்தனை கியர்?” என்று கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். டாக்டரம்மா காலால் ஒரு மிதி மிதித்தார். மாஸ்டர் பின்பக்கமாகச் சரிந்தார். கால் மேலே, தலை கீழே, கூரை எதிரே.

“வாயைத் திறங்க.”

“எதுக்கு?”

என்ன இருந்தாலும் ‘எதுக்கு’ என்று கேட்க வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? அந்த இடைவெளியில் கண்ணாடி உள்ளே போய்விட்டது.

“திறங்க. இன்னும். இன்னும்! மாஸ்டர், அது நாக்கு, அதை ஓரமா நிறுத்துங்க!”

இத்தனை மாதத்துப் பாக்கியை டாக்டரம்மா வட்டியோடு தீர்த்துக்கொண்டார் என்று சொன்னால் அது அவதூறு. அவர் கடமையைத்தான் செய்தார். கொஞ்சம் சந்தோஷமாகச் செய்தார். வலி தெரியாமல் இருக்க ஈறில் ஊசி போட்டார். மாஸ்டரின் உதடு முதலில் தடித்தது, பிறகு காணாமல் போனது. கீழ்த்தாடை யாருடையதோ மாதிரி ஆனது. கிர்ரென்று ஒரு கருவி வாய்க்குள் ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் வெளியே, டக் டக் டக்.

மாஸ்டரின் காது நிமிர்ந்தது. உலகத்தில் எத்தனை கார் இருந்தாலும் அந்த டக் டக் ஒன்றுதான். என் கார்! யாரோ ஸ்டார்ட் பண்ணுகிறார்கள்! ரிவர்ஸ் எடுக்கிறார்கள்! ஸ்கூட்டரில் உரசாமல் எடுக்கிறார்களே, யார் இந்தக் கெட்டிக்காரன்?

“ஆ! ஆஆ! ஆ ஆ!” என்றார் மாஸ்டர். “என் காரு! பிடிங்க அவனை!” என்பதன் திறந்த வாய் வடிவம் அது.

“வலிக்குதா? இதோ, காரை எடுத்தாச்சு. கொஞ்சம்தான் பாக்கி.”

காரை எடுத்தாச்சா! மாஸ்டரின் கண்கள் பிதுங்கின. திருடுபவர்களே இப்படி முகத்துக்கு நேராக, இவ்வளவு அன்போடு, தகவல் கொடுத்துக்கொண்டே திருடுகிறார்களா? எழுந்திருக்கப் பார்த்தார்.

“அசையாதீங்க! கையில கூரா இருக்கு.”

டக் டக் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்து மறைந்தது. டாக்டரம்மாவின் ‘கொஞ்சம்’ ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. டாக்டரம்மா கருவியை வெளியே எடுத்த அடுத்த நொடி மாஸ்டர் நாற்காலியிலிருந்து பாய்ந்தார். கழுத்தில் கட்டிய நீலத் துண்டோடு தெருவில் ஓடினார். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. “என்ன மாஸ்டர், வண்டி இல்லாம ஓடுறீங்க?” என்று ஒருவர் கேட்டார். மாஸ்டர் எப்போதும் கையில் வைத்திருக்கும் பதில்களில் ஒன்றுகூட உதட்டைத் தாண்டி வரவில்லை.

டக் டக் போன திசையில்தான் மச்சானின் ஷெட்.

அங்கே அவர் கண்ட காட்சியை எப்படிச் சொல்ல! கார் மரக்கட்டைகளின் மேல் தூக்கி நிற்கிறது. பானட் வானத்தைப் பார்க்கிறது. என்ஜினின் மேல்மூடி கழற்றித் தரையில் கிடக்கிறது. அடித்தொட்டி தனியாக ஒரு தகரத் தட்டில். பக்கத்தில், சொந்த மனைவி, கையில் டார்ச்சோடு!

“ஏழ்!” என்று கர்ஜித்தார் மாஸ்டர். ‘டேய்’ என்றுதான் நினைத்தார். “எங் காழை எவங்… ழாழைக் கேழ்ழு…”

மச்சான் நடுங்கி எழுந்தான். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக மாமாவால் பேச முடியவில்லை என்பதைக் கண்டுகொண்டான். இந்த அதிர்ஷ்டம் இன்னொரு தடவை வராது. மூச்சு விடாமல் பேசினான்.

“மாமா, திட்டுறதை அப்புறம் வட்டியோட திட்டுங்க. முதல்ல இதைப் பாருங்க. ஆயில் மேல போற வழியில இருக்கிற சல்லடை இது. எங்க ஓட்டை தெரியுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்!”

வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கருப்பு. முழுக்கக் கருப்பு. ஓரத்தில் மட்டும், ஊசி முனை அளவுக்கு அங்கங்கே வெளிச்சம்.

“இது வழியாத்தான் இத்தனை நாளும் என்ஜின் ஆயில் குடிச்சிருக்கு. தொட்டி நிறைய ஆயில் இருக்கு, தொண்டையில இறங்கலை. அதுக்குத்தான் சிவப்பு விளக்கு, அதுக்குத்தான் டக் டக். மிச்சம் இருக்கிற இந்த ஓட்டையும் அடைச்சிருந்தா உள்ள எல்லாம் உரசிப் பிடிச்சு, வண்டி நடு ரோட்டுல கட்டையாகியிருக்கும்!”

மாஸ்டர் சல்லடையைப் பார்த்தார். தகரத் தட்டைப் பார்த்தார். அதில் ஆயில் இல்லை. ஆயிலின் சவம் இருந்தது. தார் மாதிரி, களிம்பு மாதிரி, விரல் வைத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும் கசடு. அவருடைய சித்தாந்தம் அடுக்கடுக்காக அதில் உறைந்திருந்தது. கோபம் மெல்ல முகத்திலிருந்து இறங்கியது. அந்த இடத்துக்குப் பயம் ஏறியது.

“மழுந்து… ஊழ்ழினா… கழையாழா?” என்றார்.

மொழிபெயர்த்தவள் மனைவி. “ஏதோ மருந்து ஊத்தினா கரையாதான்னு கேக்குறார்.”

“இவ்வளவு இறுகினதுல ஊத்தினா கரையாது மாமா, கட்டி கட்டியா பேந்து வந்து இதே சல்லடையில உக்காரும். கையாலதான் எடுக்கணும். உள்ள துகள் விழாம ஒவ்வொரு ஓட்டையிலயும் துணி அடைச்சிருக்கேன், பாருங்க.”

இந்தக் கட்டத்தில் டாக்டரம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். துண்டை வாங்கிப்போக வந்தவர், என்ஜினுக்குள் எட்டிப் பார்த்ததும் துள்ளினார்.

“மாஸ்டர்! இது காரை!”

“காழ்ழான்” என்றார் மாஸ்டர், ‘கார்தான்’ என்ற பொருளில்.

“கார் இல்லை, காரை! இப்போ உங்க பல்லுல எடுத்தேனே, அதே காரை! நாளாக நாளாகப் படிஞ்சு இறுகி… அக்கா, நேத்து உங்ககிட்ட சொன்னேனே, எடுத்தே ஆகணும்னு!”

அக்காவின் கையிலிருந்த டார்ச் தாழ்ந்தது. “அப்போ… நேத்து நீங்க சொன்னது பல்லையா?”

“பின்னே எதை?”

“நான் வண்டியைன்னுல்ல நினைச்சேன்!”

“அப்போ எதுக்குக்கா கண்ணடிச்சீங்க?”

“நீங்களும்தானே அடிச்சீங்க!”

மச்சான் சிரிப்பு தாங்காமல் டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான். மாஸ்டரும் சிரித்தார் என்றே தோன்றுகிறது. முகத்தில் பாதிதான் அசைந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு அந்த ஷெட்டில் நடந்தது போர்க்கால வேகம். மச்சான் மரக்கரண்டியால் சுரண்டினான். மனைவி டார்ச் பிடித்தாள். டாக்டரம்மா, “அந்தப் பல்சக்கரத்துக்குப் பின்னாடி பாருங்க, அங்கதான் எப்பவும் ஒளிஞ்சிருக்கும்” என்று வழிகாட்டினார், அங்கேதான் ஒளிந்திருந்தது! கசடு வழித்து வழித்து வாளியில் விழுந்தது. சல்லடை டீசலில் குளித்து எழுந்து வலை வலையாக மின்னியது. மேல்மூடி ஏறியது, தொட்டி ஏறியது, புது ஃபில்டர் ஏறியது. தேன் நிறத்தில் புது ஆயில் இறங்கியது.

“மாமா, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க.”

மாஸ்டர் உட்கார்ந்தார். அவர் கை கியரின் மேல் நடுங்கியது. டாக்டரம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். சாவி திரும்பியது. என்ஜின் உயிர் பெற்றது. டக் டக் டக்! சிவப்பு விளக்கு எரிந்தது. மனைவி தம்பியின் தோளை இறுக்கிப் பிடித்தாள். டக் டக். இன்னும் எரிந்தது. டக்…

அணைந்தது.

சத்தம் அடங்கி, என்ஜின் ஒரே சீராக முனக ஆரம்பித்தது. “அணைஞ்சுடுச்சு! அணைஞ்சுடுச்சு!” என்று மனைவி கத்தினாள். டாக்டரம்மா கையுறையோடு கைதட்டினார். விளக்கு அணைந்ததற்காக ஒரு கூட்டம் இப்படிக் கொண்டாடியது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

மச்சான் மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை. “மாமா, கைக்கு எட்டினதைத்தான் எடுத்திருக்கேன். எட்டாத சந்துல இருக்கிறது இந்த ஆயில்ல மெல்ல இளகி வரும். சீக்கிரமே இதை வடிச்சுட்டு வேற ஊத்தணும், சல்லடையையும் பார்க்கணும். விட்டீங்கன்னா பழையபடி அடைக்கும். அடுத்த தடவை கழட்ட எனக்கு என்ஜின் இருக்காது. உங்களுக்கு ஸ்கூல் இருக்காது.”

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. உதடு மரத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

உதடு திரும்பி வந்ததும் மாஸ்டரும் திரும்பி வந்தார். டாக்டரம்மா டெஸ்ட்டில் தேறினார். அன்றிலிருந்து கடைத்தெருவில் புதிய வரலாறு ஒன்று உலவியது: சத்தத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்தவர் மாஸ்டர், நேரம் இல்லாததால் மச்சானை விட்டுக் கழற்றச் சொன்னவர் மாஸ்டர், பல் சுத்தம் செய்துகொண்டது, டாக்டரம்மாவின் கை நடுக்கத்தைப் போக்குவதற்காக. “இனிமே அந்த ஷெட்டுப் பக்கம் எனக்கென்ன வேலை?” என்றும் சொன்னதாகக் கேள்வி.

இது மச்சானின் காதுக்கு வந்தது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கார் தெருவில் போகும்போதெல்லாம் அவன் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, டக் டக் வருகிறதா என்று காது கொடுப்பான். ஒரு நாள் அக்காவுக்கு போன் போட்டான்.

“அக்கா, நானே வந்து எடுத்துட்டுப் போயிடட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் அக்கா. “எத்தனை தடவை நாம திருடுறது? அவர் வண்டி, அவரே கொண்டு வரட்டும்.” சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் வகுப்பு முடிந்து கார் வந்து நின்றதும், எதற்கோ எட்டிப் பார்ப்பது போல டாஷ்போர்டைப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு காலை மச்சான் ஷெட்டுக்கு வந்தபோது பூட்டிய கதவுக்கு எதிரே கார் நின்றிருந்தது. தெருவில் யாரும் இல்லை. மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கையில், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது உட்காரும் இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருந்தார்.

மச்சான் ஷெட்டின் பூட்டைக் கழற்றினான். கதவைத் திறந்தான். மாஸ்டர் எட்டிக் கீழே இருந்த லீவரை இழுத்தார். முன்னால் பானட் ‘டொக்’கென்று ஒரு விரல் உயரம் விடுபட்டு நின்றது. அவர் இறங்கி, ஒதுங்கி, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

“நீயே திற” என்றார்.